சேர்ந்து வளரும் சிறுபிள்ளைகளும் சேர்ந்து வரும் நோய்களும்

(நம் மருத்துவமனையின் நன்கொடையாளர் கூடுகையில் குழந்தைகள் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத நண்பர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



வழக்கமாக இந்தக் கூடுகையில் பேச எழும்புகிறவர்கள் புதிய கட்டடத்தைப் பற்றியோ, புதிதாக வந்திறங்கிய கருவியைப் பற்றியோ சொல்வார்கள். உங்கள் காணிக்கையினால் வந்தவற்றை நீங்கள் அறிந்துகொள்வது நியாயமே. எனக்குக் கொடுக்கப்பட்ட இந்த அரை மணி நேரத்தில் நான் பேசப்போவதோ ஒரு வாளி, ஒரு துண்டு, ஒரு சோப்புக் கட்டி ஆகியவற்றைப் பற்றி. இவை சரியாக இல்லாத இடங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் எங்கள் வார்டுக்கு வந்து சேருகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம்.

ஜூன் மாதம் பள்ளிகளும் பாலர் காப்பகங்களும் திறந்த சில வாரங்களில் எங்கள் வெளிநோயாளர் வரிசை நீளும். மழைக்காலத்தில் இன்னும் நீளும். சளி, இருமல், காய்ச்சல், வாந்தி, பேதி, வாய்ப்புண், கை கால்களில் கொப்புளம் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சீட்டு எழுதும் சிஸ்டர் ஊரின் பெயரைக் கேட்பார், உடனே, "எந்த பால்வாடிக்குப் போகிறான்?" என்றும் கேட்பார். ஒரே வாரத்தில் ஒரே காப்பகத்தின் பெயர் நாலைந்து முறை வந்துவிட்டால், அங்கே ஏதோ ஒரு வைரஸ் புகுந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

அப்போது தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டரம்மா, எந்தப் பிள்ளை இதைக் கொண்டு வந்துச்சு?" கேட்பது இயல்புதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் சண்டை வருகிறது. ஆயாவைத் திட்டுகிறார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பிள்ளையின் தாயைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். அவள் ஏழையிலும் ஏழையாக இருந்தால் பழி இன்னும் எளிதாக அவள்மேல் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கேள்விக்கு மருத்துவ அறிவு என்ன பதில் சொல்கிறது, அந்தப் பதிலினால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சு.

பிள்ளைகள் ஏன் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காப்பகங்களுக்கு விரோதமாகப் பேச நான் வரவில்லை. பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பராமரிக்கும் இடங்கள் நம் நாட்டுக்குத் தேவை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே, 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இவற்றோடு தனியார் காப்பகங்களையும், நம் சபைகளும் பள்ளிகளும் நடத்தும் பாலர் வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடங்களில் பிள்ளைக்குச் சோறு கிடைக்கிறது, முட்டை கிடைக்கிறது, பாட்டும் விளையாட்டும் கிடைக்கின்றன. தாய் நிம்மதியாக வேலைக்குப் போகிறாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய அக்காள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆகவே, "நோய் பரவுகிறது, மூடிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த அக்காளின் படிப்பையும் அந்தத் தாயின் கூலியையும் சேர்த்தே மூடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். காப்பகம் இருக்க வேண்டும். அங்கே பிள்ளைகள் சுகமாக இருக்க வேண்டும். இரண்டும் கூடிய காரியமே.

சிறுபிள்ளைகளிடையே வைரஸ் ஏன் இவ்வளவு எளிதாகப் பரவுகிறது?

பிறந்த சிசுவுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்கள் துணை நிற்கும். பிறகு அது மெல்லக் குறைந்துவிடும். அதன்பின் பிள்ளை தன் சொந்த எதிர்ப்புச் சக்தியை ஒவ்வொரு வைரஸாகச் சந்தித்துத்தான் சம்பாதிக்க வேண்டும். வீட்டில் ஒன்றிரண்டு பேரோடு இருக்கும்போது இந்தச் சந்திப்புகள் ஒவ்வொன்றாக நடக்கின்றன. இருபது பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கும்போது, இருபது வீடுகளில் உள்ள வைரஸ்கள் அந்த அறைக்கு வந்து சேருகின்றன.

அந்த வயதின் சுபாவத்தையும் எண்ணிப் பாருங்கள். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். ஒரு பிள்ளை சப்பிய பொம்மையை அடுத்த பிள்ளை பிடுங்கிச் சப்பும். மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தைத் தொடும். மலம் கழித்தால் தானே கழுவிக்கொள்ளத் தெரியாது. ஆயாதான் கழுவிவிட வேண்டும். ஒரே ஆயா ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, அழுகிற இன்னொன்றைத் தூக்கி, மூன்றாவதுக்குச் சோறு ஊட்டுகிறார். அவர் கெட்ட மனதோடு செய்யவில்லை. அவருக்கு இரண்டு கைகள்தான் இருக்கின்றன.

பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸை எடுத்துக்கொள்வோம். நோயுற்ற பிள்ளையின் ஒரு கிராம் மலத்தில் 1,000 கோடிக்கும் அதிகமான வைரஸ்கள் இருக்கக்கூடும். இன்னொரு பிள்ளைக்கு நோய் வருவதற்கு அவற்றில் நூறுக்கும் குறைவானவை போதும். நகக்கண்ணில் ஒட்டியிருப்பது, கண்ணுக்குத் தெரியாதது, அதுவே ஒரு வகுப்புக்குப் போதுமானது. தட்டம்மை இன்னொரு விதம். அந்த வைரஸ் காற்றில் மிதக்கும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அங்கே தங்கியிருக்கும். தடுப்பூசி போடாதவர்களிடையே தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை நோயைப் பெறுவார்கள்.

மூன்று விதமான ஆட்கள்

கைக்குழந்தைகளின் நெஞ்சைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்றொரு வைரஸ் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் அது ஒரு முறையாவது தொட்டுவிடும். பெரிய பிள்ளைக்குச் சாதாரணச் சளியாகப் போய்விடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கோ நெஞ்சு இழுத்து, பிராணவாயு வைக்க வேண்டிய நிலை வரலாம்.

இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதை அறிய, அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் டாக்டர் கரோலின் ஹால் என்ற அம்மையாரும் அவருடைய சக மருத்துவரும் ஓர் ஆய்வு செய்து 1981இல் வெளியிட்டார்கள். நல்ல சுகத்தோடிருந்த பெரியவர்கள் சிலர் அதற்குத் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையினர் நோயுற்ற குழந்தையை எடுத்து, அணைத்து, பால் கொடுத்து, துணி மாற்றிப் பராமரித்தவர்கள். இரண்டாம் வகையினர் குழந்தையைத் தொடவில்லை; குழந்தை அறையில் இல்லாதபோது உள்ளே போய், அதன் சளி பட்ட தொட்டிலையும் சாமான்களையும் தொட்டுவிட்டு, தங்கள் மூக்கையும் கண்ணையும் தொட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வகையினர் ஆறடிக்கு அப்பால் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவு என்ன? அணைத்துப் பராமரித்த 7 பேரில் 5 பேருக்கு வைரஸ் தொற்றியது. குழந்தையைக் காணாமலே சாமான்களை மட்டும் தொட்ட 10 பேரில் 4 பேருக்குத் தொற்றியது. தள்ளி உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

இதை எல்லா நோய்களுக்கும் பொதுவாக்க முடியாது. தட்டம்மை காற்றிலேயே போகும் என்று முன்னே சொன்னேன். ஆனாலும் இந்தச் சிறிய ஆய்வு நமக்கு ஒரு பெரிய பாடத்தைத் தருகிறது. அந்த 4 பேரை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு நோயைக் கொண்டு வந்தது எந்தப் பிள்ளையும் அல்ல. அவர்கள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. தொட்டில் கம்பியிலிருந்து கைக்கும், கையிலிருந்து மூக்குக்கும் அது பயணப்பட்டது. அதற்காகக் குழந்தையை அணைக்காமல் விட முடியுமா? சிறுபிள்ளைக்கு அணைப்பும் ஆகாரம்தான். அணைத்த பிறகு கையைக் கழுவுவது மட்டுமே நம்மால் கூடியது.

சுகமாகத் தெரியும் பிள்ளை

இப்போது அந்தத் தாய்மாரின் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பிள்ளை கொண்டு வந்தது? பெரும்பாலான சமயங்களில் இதற்கு விடை சொல்ல எவராலும் முடியாது. ஏனென்றால் நோய் வெளியே தெரிவதற்கு முன்னமே பிள்ளை அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது.

தட்டம்மையில் உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். சின்னம்மையில் கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். ரோட்டா வைரஸ் பேதி தொடங்குமுன்னும் வெளியேறும், பேதி நின்ற பிறகும் பல நாள் வெளியேறும். கை, கால், வாயில் கொப்புளம் தரும் நோயில், பிள்ளை முற்றிலும் குணமான பின்னும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் இருந்துகொண்டே இருக்கும்.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இன்னும் தந்திரமானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்து 1980இல் வெளியான ஓர் ஆய்வு மருத்துவர்களை ஆச்சரியப்படுத்தியது. காமாலை கண்டு படுத்தவர்கள் பெரியவர்கள். நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனபோது, அவர்களுடைய சிறுபிள்ளைகள் போய்வந்த பகல்நேரக் காப்பகங்களில் போய் முடிந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகங்களில்தான் நோய் அதிகம் சுற்றியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வெளியே தெரிவதில்லை. பிள்ளை சுகமாக இருக்கிறது, தகப்பன் படுத்துக்கிடக்கிறான்.

ஆகவே அன்பானவர்களே, மூக்கு ஒழுகும் பிள்ளையைக் காட்டி "இவன்தான்" என்று சொல்வது அநேகமாகத் தவறாகவே முடியும். அவனுக்கு முன் மூன்று பேர், சுகமாகத் தெரிந்தவர்கள், அதைப் பரப்பியிருப்பார்கள்.

டில்லியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த நன்மை

சுகமாகத் தெரியும் பிள்ளைகளிடமிருந்து நோய் மட்டும் வரவில்லை. ஒரு பெரிய நன்மையும் வந்தது. 1980களின் நடுவில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், பிறந்த சிசுக்களை வைத்திருக்கும் அறையில் ஒரு வகை ரோட்டா வைரஸ் பரவியிருந்தது. ஆனால் அந்தச் சிசுக்களுக்குப் பேதி வரவில்லை. டாக்டர் எம்.கே. பான் அவர்களும் அவருடைய குழுவினரும் அவர்களை விட்டுவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது அவர்களுக்கு ரோட்டா வைரஸ் பேதி மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே வந்தது. "116இ" என்று பெயரிடப்பட்ட அந்த வைரஸிலிருந்துதான் நம் நாட்டிலேயே ஒரு தடுப்பு மருந்து உருவாயிற்று.

அந்த மருந்தைச் சோதித்த மூன்று இடங்கள் டில்லி, புனே, நம் வேலூர். 2011இல் தொடங்கிய அந்தச் சோதனையில் 6,799 சிசுக்கள் பங்குபெற்றார்கள். முதலாம் ஆண்டில் கடுமையான ரோட்டா வைரஸ் பேதி 56 சதவீதம் குறைந்தது. 2016இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் நான்கு மாநிலங்களில் ரோட்டா தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019இல் நாடு முழுவதும் பரவியது. பிறந்த 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இதை வாங்காத பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், தயவுசெய்து அந்தத் தாயை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்கும் அப்படியே. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதங்களுக்குள் இன்னொன்று. முதல் ஊசியோடு நின்றுவிடும் பிள்ளைகளை நாங்கள் இன்னும் பார்க்கிறோம்.

நாள் தவறாமல் போடுவது ஏன் முக்கியம் என்பதற்கும் வேலூரிலேயே ஆதாரம் உண்டு. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், தடுப்பு மருந்து வருவதற்கு முன்பே, ஏழைத் தெருக்களில் பிறந்த 452 பிள்ளைகளைப் பிறந்ததுமுதல் மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். 2011இல் வெளியான அவர்கள் முடிவின்படி, ஆறு மாதம் முடிவதற்குள்ளாகவே 56 சதவீதம் பிள்ளைகளை ரோட்டா வைரஸ் தொட்டுவிட்டிருந்தது. நாம் தாமதித்தால் வைரஸ் நமக்காகக் காத்திருப்பதில்லை.

ஒரே வாளித் தண்ணீர்

தடுப்பு மருந்து பெரிய உபகாரம். ஆனால் 56 சதவீதம் என்றால் மீதி உண்டு. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் ஊசி இல்லை. ஆகவே வாளிக்கும் சோப்புக்கும் வருவோம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் பல மையங்களில் என்ன நடக்கிறது? ஒரு வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து கையை முக்கி எடுப்பார்கள். பக்கத்தில் ஒரு துண்டு தொங்கும். எல்லாரும் அதில் துடைப்பார்கள். முதல் பிள்ளையின் கையில் இருந்தது வாளிக்குப் போகிறது; வாளியிலிருந்து கடைசிப் பிள்ளைக்குப் போகிறது; துண்டு அதை மறுபடியும் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. கை கழுவியதாக நாம் எண்ணுகிறோம்.

இதை விளங்கிக்கொள்ள வைரஸைப் பற்றி ஒரு சிறு விவரம் தெரிய வேண்டும். சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்பினாலான ஒரு போர்வை இருக்கிறது. ஆர்.எஸ்.வி., தட்டம்மை, ஃப்ளூ, கொரோனா இவையெல்லாம் அப்படிப்பட்டவை. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும், வைரஸ் அழிந்துவிடும். ரோட்டா, நோரோ, ஹெபடைடிஸ் ஏ, கை கால் வாய் கொப்புள வைரஸ் ஆகியவற்றுக்கு அந்தப் போர்வை இல்லை. சோப்பு அவற்றைக் கையிலிருந்து பெயர்க்கும். தேய்ப்பதும் ஓடுகிற தண்ணீரும் அவற்றை அடித்துக்கொண்டு போகும். ஆகவே தேய்க்க வேண்டும். தண்ணீர் ஓட வேண்டும். 2020 முதல் பல இடங்களில் கைகழுவும் சாராயத் திரவப் புட்டிகள் வந்துவிட்டன. அவை கொரோனாவுக்கு உதவின. ஆனால் நோரோ போன்ற பேதி வைரஸ்களை அவை சரியாகக் கொல்வதில்லை. மலம் கழுவிவிட்ட கைக்குப் புட்டி போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

குழாய் இல்லையென்றால்? ஒருவர் குவளையால் ஊற்ற, பிள்ளை தேய்த்துக் கழுவட்டும். மூடியுள்ள வாளியின் அடியில் ஒரு சிறு குழாயைப் பொருத்தினால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் தைத்த ஒரு சிறு துண்டு. இல்லாவிட்டால் கையை உதறிக் காயவிடுவதே மேல். பொம்மைகளைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். யாராவது வாந்தியோ பேதியோ ஆன இடத்தை முதலில் துடைத்தெடுத்து, பின் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போதும். அதை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

இவ்வளவு சின்னக் காரியத்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். கராச்சி நகரத்தின் குடிசைப் பகுதிகளில் ஓராண்டு முழுவதும் வீடுகளுக்குச் சோப்பு கொடுத்து, வாரந்தோறும் சென்று கைகழுவப் பழக்கினார்கள். 2005இல் வெளியான அதன் முடிவின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. பேதியும் ஏறக்குறைய அவ்வாறே குறைந்தது. விலையுயர்ந்த கிருமிநாசினி சோப்பு கொடுத்த வீடுகளுக்கும் சாதாரண சோப்பு கொடுத்த வீடுகளுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.

கூலி இழக்கும் தாய்

"நோயுற்ற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாங்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். காய்ச்சல், வாந்தி, பேதி, தடிப்பு இருக்கும் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். வெறும் சளி மட்டும் இருந்து, பிள்ளை விளையாடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அனுப்பலாம். இந்த விதி சரியானதே. ஆனால் அதை நான் சொன்னபோது ஒரு தாய் என்னிடம் சொன்னதை நீங்களும் கேட்க வேண்டும். "வீட்ல வச்சுக்கிட்டா நான் வேலைக்குப் போக முடியாது டாக்டரம்மா. ரெண்டு நாள் போகலன்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. அப்புறம் இவனுக்கு எத வாங்கிக் கொடுப்பேன்?"

இப்படிப்பட்ட தாய் என்ன செய்கிறாள்? காலையில் காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுக்கிறாள். உடம்பு குளிர்ந்ததும் கொண்டுபோய் விடுகிறாள். ஆயாவிடம் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம். மதியம் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறுகிறது. அதற்குள் அவன் எல்லாரோடும் சாப்பிட்டு, எல்லாரோடும் பாயில் படுத்தாகிவிட்டது.

அவள்மேல் கோபப்படுவது எளிது. நம் ஊரில் மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு. தினக்கூலிக்கு வரும் பெண்ணுக்கு அது இல்லை. விதியை இன்னும் கடுமையாக்கினால் நோய் குறையாது. இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். பழி சொல்லாத இடத்தில்தான் தாய் உண்மையைச் சொல்வாள். உண்மை தெரிந்தால்தான் ஆயாவால் அந்தப் பிள்ளையைத் தனிப் பாயில் படுக்கவைத்து, தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்து, மற்றவர்களைக் காக்க முடியும்.

ஆகவே நாங்கள் காப்பகம் நடத்துகிறவர்களிடம் இப்படிச் சொல்லி வருகிறோம். ஒரு மூலையை, முடிந்தால் ஜன்னல் உள்ள ஒரு சிறு அறையை, சுகமில்லாத பிள்ளைக்காக ஒதுக்குங்கள். அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆயா வேண்டும். மலம் கழுவுகிற கையும் சோறு ஊட்டுகிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. கைக்குழந்தைகளைப் பெரிய பிள்ளைகளோடு கலந்து வைக்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும் தாய் இடைவேளையில் வந்தால் வாசலில் நிறுத்தாதீர்கள்.

நோய் வந்துவிட்டால்

வைரஸ் காய்ச்சலுக்கும் சளிக்கும் ஆன்டிபயாடிக் மருந்து பயன் தராது. கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். 1971இல் வங்காளதேச அகதிகள் போங்காவ் முகாமில் காலராவினால் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்கும் பின் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. அதோடு 14 நாட்கள் துத்தநாக மாத்திரை. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது.

சளியோடு மூச்சு வேகமானால் எண்ணிப் பாருங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 40. அந்த அளவையோ அதற்கு மேலோ எட்டினாலும், நெஞ்சு உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் உடனே கொண்டு வாருங்கள். இரவானாலும் கொண்டு வாருங்கள்.

"டாக்டர், பிள்ளைக்கு இப்படி நோய் வந்து வந்துதானே எதிர்ப்புச் சக்தி உண்டாகும்?" என்று சில தகப்பன்மார் கேட்கிறார்கள். இதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய காப்பகங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகம் வந்தது. பள்ளி வயதில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தது. போஷாக்குள்ள பிள்ளைக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் எடை குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு பேதியும் உடம்பிலிருந்து ஒரு பங்கைத் தின்றுவிட்டுப் போகிறது. அடுத்தது வருவதற்குள் அவன் தேறியிருப்பதில்லை. இரண்டு மாதச் சிசுவுக்கோ இந்தப் பாடம் கற்க நேரமே இல்லை. அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

அன்பான நண்பர்களே, நீங்கள் கொடுத்த கருவிகள் எங்கள் வார்டில் பிள்ளைகளுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. அதற்காக நன்றி சொல்ல எங்களுக்கு வார்த்தைகள் போதாது. இந்த ஆண்டு, பிள்ளைகள் அந்தக் கருவியண்டை வராதிருக்கவும் உதவும்படி கேட்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள காப்பகங்களில் பிள்ளைகளின் உயரத்துக்கு எட்டும் குழாய்கள், சோப்பு, பெயர் தைத்த துண்டுகள், கூட ஓர் ஆயாவின் சம்பளம், எங்கள் நர்சுகள் மாதம் ஒருமுறை போய்ப் பயிற்சி கொடுக்கும் வண்டிச் செலவு. இவற்றுக்குப் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை. திறப்பு விழாவும் இல்லை. ஆகவேதான் இவற்றுக்குக் கொடுக்க ஆட்கள் குறைவு.

பணம் வேண்டாத ஒரு காரியமும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையின் பாலர் அறைக்குள் போய்ப் பாருங்கள். கைகழுவ ஓடுகிற தண்ணீர் இருக்கிறதா? சோப்பு இருக்கிறதா? எத்தனை துண்டுகள் தொங்குகின்றன? பாலர் வகுப்பு எடுக்கும் சகோதரியிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். சுகமில்லாத பிள்ளையோடு வரும் தாயிடம் முகம் சுளிக்காமல், "என்னம்மா, ராத்திரியிலிருந்தா?" என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஒரு நாள் வராவிட்டால், அந்த நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். ஒரு காப்பகத்தில் இருபது பிள்ளைகள் தப்புவதற்கு அந்த ஒரு நாள் கூலி காரணமாக இருக்கலாம்.